பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் தப்பிய காகிதங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காகப் பேச்சாளரே எழுத்து வடிவில் கொடுத்தது.)



சாப்பாடு முடிந்த கையோடு பேச ஒருவனைத் தேடியபோது சங்கச் செயலாளருக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. பிரியாணியோடு போட்டி போட்டு ஜெயித்தவர் யாரும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். நான் சேலையூர் ஹால்காரன். எனவே செயின்ட் தாமஸ் ஹால் நண்பர்கள் தூங்கினால் அதை விரோதமாக எடுத்துக் கொள்ள மாட்டேன்.

தலைப்பைக் கேட்டவுடன் ஒரு பேராசிரியர், "என்னப்பா, இங்கே பிசிக்ஸ் படிச்சே, அப்புறம் சிவில் இன்ஜினியரிங் போனே, மழைநீர் வடிகால் போடுறதுதான் உன் தொழில். உனக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். சம்பந்தம் இருக்கு சார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

துண்டுப் பிரசுரம் என்றால் உங்களுக்குத் தெரியும். கட்சிக்காரர் துண்டுப் பிரசுரம் என்பார், சர்ச்சுக்காரர் கைப்பிரதி என்பார், கடைக்காரர் நோட்டீஸ் என்பார். ஒரு தாளிலிருந்து முப்பது நாற்பது பக்கம் வரைக்கும் போகும். அட்டை கிடையாது. நடுவிலே ஒரு பின் அடித்திருக்கும். அதை வாங்குகிறவர் பஸ் ஏறுவதற்குள் படித்துவிடுவார், இறங்கும்போது போட்டுவிட்டுப் போவார். இதைப் புத்தகமாக எந்த நூலகமும் எண்ணாது, பத்திரிகையாகவும் எண்ணாது. அதனாலேயே இது எங்கேயும் மிஞ்சுவதில்லை.

ஆனால் ஒரு சமூகம் தனக்குள்ளே எதைப் பற்றி நிஜமாகச் சண்டை போட்டது என்று தெரிய வேண்டுமானால் இதைத்தான் பார்க்க வேண்டும். சண்டை முடிந்த பிறகு, ஜெயித்தவர் உட்கார்ந்து எழுதுவது பெரிய புத்தகம். பிரசுரம் சண்டை நடக்கும்போதே அச்சாகிறது. யார் ஜெயிப்பார்கள் என்று அதை எழுதியவருக்கே தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எல்லாச் சீர்திருத்தமும் இப்படித்தான் நடந்தது. அடிமை ஒழிப்பு, வாக்குரிமை, தானிய வரிச் சட்டம், தொழிலாளர் சங்க உரிமை, நகரச் சாக்கடை என்று எதை எடுத்தாலும் முதலில் ஒரு பென்னி, ஆறு பென்ஸ் விலையில் பிரசுரம் வரும், அதற்கு எதிர்ப் பிரசுரம் வரும், பிறகுதான் பார்லிமென்ட்டில் பேச்சு வரும். இதில் நமக்குத் தூரத்து உறவுக்காரர்கள் நிறையப் பேர். 1877-ல் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் லண்டனில் ஒரு பழைய பிரசுரத்தை மறுபடி அச்சடித்தார்கள். நோல்ட்டன் என்ற அமெரிக்க டாக்டர் கருத்தடை பற்றி 1832-ல் எழுதியது அது. ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். வழக்கின் புண்ணியத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. தண்டனை அப்பீலில் ரத்தானது. அந்த பெசன்ட் அம்மையார்தான் 1893-ல் இந்தியா வந்து, 1907 முதல் 1933 வரை அடையாறு தியாசபிகல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர். பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகிற இளைஞர்கள் இதைத் தெரிந்து கொண்டு போகலாம்.

இன்னொருவர் ஜோசப் ஹியூம். கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டராக வந்தவர். ஈரமான வெடிமருந்தை உலர்த்த வழி கண்டுபிடித்துக் கொடுத்துப் பெயர் வாங்கினார் என்று சொல்வார்கள். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்காரர்கள் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். ஊருக்குத் திரும்பி பார்லிமென்ட் மெம்பராகி, கையில் கிடைத்த பிரசுரத்தையெல்லாம் சேர்த்து வைத்தார். அவரிடமிருந்த சுமார் ஐயாயிரம் பிரசுரங்கள் இன்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய மகன்தான் 1885-ல் காங்கிரஸைத் தொடங்கிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம்.

எங்கள் தொழிலிலேயும் ஒருவர் உண்டு. சர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் மேலணையும், கோதாவரியில் தவளேஸ்வரம் அணையும் கட்டியவர். அணை கட்டியதோடு நிற்கவில்லை. ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தை வாய்க்காலுக்குக் கொட்டுங்கள் என்று வாழ்நாள் முழுக்கப் பிரசுரம் எழுதிச் சண்டை போட்டார். 1877 சென்னைப் பஞ்சத்தைப் பற்றியும் எழுதினார். பஞ்ச காலத்தில் ரயில் தானியத்தை ஏற்றி வரலாம், தானியத்தை விளைய வைக்குமா என்பது அவர் கட்சி. அதிலே எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு இன்ஜினியர் தன் கணக்கைப் பொதுஜனத்தின் முன்னால் வைத்து வாதாட வேண்டும் என்று நினைத்தாரே, அது எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு நாங்கள் போடுகிற கணக்கெல்லாம் டெண்டர் ஃபைலுக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே செத்துப் போகிறது.

அந்தக் காலத்தில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் சாக்கடை விஷயத்தில் பிரசுரம் எழுதினார். விளக்கேந்திய அம்மையார் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு விட்டுவிட்டோம். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள், சண்டையில் அல்ல, கெட்ட தண்ணீராலும் கழிவு நீராலும் என்று 1863-ல் எழுதியவர் அவர். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமலேயே எழுதினார்.

இந்தப் பிரசுரங்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. வந்து சும்மா கிடக்கவில்லை. 1880-களில் இங்கே சென்னை இலௌகிக சங்கம் என்று ஒன்று இயங்கியது. பிராட்லாவின் கூட்டத்தோடு தொடர்பு வைத்திருந்த நம்மூர்க்காரர்கள். தமிழில் 'தத்துவ விவேசினி', ஆங்கிலத்தில் 'தி திங்கர்' என்று பத்திரிகை நடத்தினார்கள். சாதி, சடங்கு, குழந்தைத் திருமணம், ஜோசியம் எதையும் விட்டு வைக்கவில்லை. பெரியாரின் 'குடி அரசு' 1925-ல்தான் வருகிறது. அதற்கு நாற்பது வருஷம் முன்னால் இது. இப்படி ஒன்று நடந்ததே ரொம்ப காலம் பெரும்பாலோருக்குத் தெரியாமல் இருந்தது. பேராசிரியர் வீ. அரசு இந்த இதழ்களைத் தேடித் தொகுத்து, பல தொகுதிகளாக வெளிவந்த பிறகுதான் நம் தலைமுறைக்குத் தெரிந்தது. தாள் கிடைத்திராவிட்டால், அப்படி ஒரு சங்கமே இருந்ததில்லை என்று யாராவது அடித்துச் சொன்னால் மறுக்க வழி ஏது?

நம் கல்லூரிக்கும் இதில் பங்கு உண்டு. 1837-ல் தொடங்கி, 1937-ல் தாம்பரத்துக்கு வருகிற வரைக்கும் நாம் ஜார்ஜ் டவுனில்தானே இருந்தோம். அச்சகம், பத்திரிகை, பொதுக்கூட்டம் எல்லாம் சுற்றி நடந்த இடம் அது. ஒரு பக்கம் கிறிஸ்தவக் கைப்பிரதிச் சங்கம் 1818 முதல் அச்சடித்துக் கொண்டிருந்தது. அதே பாணியை எடுத்துக் கொண்டு, அவர்களுக்குப் பதில் சொல்ல 1887-ல் இந்து பிரசுர சங்கம் ஒன்று கிளம்பியது. மறு வருஷம், 1888-ல், மதமாற்ற விவகாரத்தை ஒட்டி நம் கல்லூரியிலேயே மாணவர் கிளர்ச்சி நடந்தது. எந்தப் பக்கம் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. என் அக்கறையெல்லாம், இரண்டு பக்கத்துத் தாளும் நமக்கு வேண்டும் என்பதுதான்.

லட்சுமி நரசு என்று ஒரு பெரியவர். நம் கல்லூரியில் வேதியியல் பகுதியில் வேலை பார்த்து, பிறகு பச்சையப்பன் கல்லூரிக்குப் போனவர். பௌத்தத்தின் சாரத்தைப் பற்றி 1907-ல் அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகத்துக்கு, 1948-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது முன்னுரை எழுதியவர் டாக்டர் அம்பேத்கர். லேபில் பிப்பெட் பிடித்த கை அது. கெமிஸ்ட்ரி பிளாக்கில் நடக்கிற தம்பி தங்கைகள் இவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் எப்படித் தப்பியது? அங்கே ஒரு கதை, இங்கே ஒரு கதை.

அங்கே 1640-ல் லண்டன் புத்தக வியாபாரி ஜார்ஜ் தாமசன் என்பவர் உள்நாட்டுச் சண்டை வரப் போகிறது என்று மோப்பம் பிடித்து, அன்றாடம் வருகிற பிரசுரத்தையெல்லாம் வாங்கி வைக்க ஆரம்பித்தார். 1661 வரைக்கும் விடவில்லை. இருபத்தீராயிரம் சேர்ந்தது. பலவற்றிலே கையில் கிடைத்த தேதியையும் எழுதி வைத்தார். மன்னர் முதலாம் சார்லஸே ஒரு பிரசுரத்தை இரவல் வாங்கி, வழியில் சேற்றில் போட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கறையோடு அது இன்னும் இருக்கிறதாம். நம்ம லைப்ரரியில் புத்தகத்தை எடுத்து டீ கொட்டினவர்கள் இங்கே யாரும் இல்லை என்று நம்புகிறேன்! தாமசன் செத்து நூறு வருஷம் யாரும் அந்தக் குவியலைச் சீண்டவில்லை. கடைசியில் 1762-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்கி பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். ஹியூம் மாதிரியானவர்கள் சேர்த்த தொகுப்புகளுக்கும் இதே போல நல்ல காலம் வந்தது. ஏழு பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரசுரங்களில் சுமார் 26,000-ஐத் தேர்ந்தெடுத்து, சவுத்தாம்ப்டனில் ஸ்கேன் செய்து, 2009 வாக்கில் ஜேஸ்டோர் மூலமாகக் கிடைக்கச் செய்துவிட்டார்கள். பத்து லட்சம் பக்கம். நம் மாணவர்கள் லண்டன் சாக்கடையைப் பற்றி 1850-ல் யார் என்ன எழுதினார் என்று கம்ப்யூட்டரில் தேடிப் படித்துவிடலாம். தாம்பரம் சாக்கடையைப் பற்றி 1980-ல் யார் என்ன எழுதினார் என்று தேட முடியாது.

இங்கே கதை வேறு. 1867-ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். அச்சாகிற எதுவானாலும் அரசாங்கத்துக்குப் பிரதி கொடுக்க வேண்டும், அதைப் பட்டியல் போட வேண்டும் என்று. இப்படிப் போனவற்றில் பல லண்டனுக்கே போய்ச் சேர்ந்தன. தடை செய்து பறிமுதல் பண்ணிய பிரசுரங்கள் கதை இன்னும் வேடிக்கை. அச்சடித்தவர் வீட்டில் ஒரு பிரதி இருக்காது, வாங்கினவர் பயந்து எரித்திருப்பார். பிடித்துக் கொண்டு போன சர்க்கார் மட்டும் அத்தாட்சிக்காக ஒன்றை ஃபைலில் வைத்திருக்கும். அதனால் தேசபக்தர்கள் எழுதியதற்குப் போலீஸ்தான் லைப்ரேரியன் ஆகிவிட்டது. பிரிட்டிஷ் லைப்ரரியில் தடை செய்யப்பட்ட இந்தியப் பிரசுரங்களுக்கென்றே தனித் தொகுப்பு இருக்கிறது.

ஆனால் தடையும் இல்லாமல், பெருமையும் இல்லாமல், காலணாவுக்கும் அரையணாவுக்கும் குஜிலிக் கடையில் விற்றதையெல்லாம் யார் வைத்திருப்பார்? ஒருவர் வைத்திருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். பட்டப் படிப்பு இல்லை, அரசு மானியம் இல்லை. 1950 வாக்கில் தொடங்கி சாகிற வரைக்கும் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை மட்டும் இல்லை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று மற்றவர் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி இருந்தது. அதை வாங்கிக் காப்பாற்ற முன்வந்தது எந்த ஊர்? சிகாகோ. அங்கே பேராசிரியராக இருந்த ஏ.கே. ராமானுஜன் போன்றவர்களின் அக்கறையால் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நல்ல வேளையாக அமெரிக்காவுக்கு அள்ளிக் கொண்டு போகாமல், சென்னையிலேயே வைத்து 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று அமைத்தார்கள். முதலில் முகப்பேரில் இருந்தது. இப்போது தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக் வளாகத்தில் இருக்கிறது. இங்கிருந்து வேளச்சேரி வழியாகப் போனால், டிராஃபிக் தயவு பண்ணினால், ஒரு மணி நேரம். இந்தக் கூடத்தில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன், வேண்டாம்.

இனி என் சொந்தச் சம்பந்தத்துக்கு வருகிறேன்.

எங்கள் பெரியப்பா ரயில்வேயில் இருந்தவர். மேற்குத் தாம்பரத்தில் வீடு. அவர் போன பிறகு, அண்ணன் அந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தார். இப்போது குரோம்பேட்டை, சேலையூர், பல்லாவரம் எங்கே பார்த்தாலும் இதுதானே நடக்கிறது. ஒரு நாள் காலையில் அண்ணி போன் பண்ணினார்கள். "தம்பி, பரண் மேல ரெண்டு டிரங்குப் பெட்டி இருந்துச்சு. ஒண்ணு நேத்தே போயிடுச்சு. இன்னொண்ணுக்குப் பழைய பேப்பர்காரர் வாசல்ல தராசோட நிக்கிறார். மாமாவோட காகிதம்தான் எல்லாம். உனக்கு ஏதாவது வேணுமா?" என்றார்கள். நான் அவரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லி வண்டியை எடுத்தேன்.

அந்தப் பெட்டியில் இருந்ததைச் சொல்கிறேன். 1974 மே மாத அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்த நோட்டீஸ்கள், ஒரு பக்கம் சங்கத்துடையது, இன்னொரு பக்கம் வேலைக்குத் திரும்பச் சொல்கிறவர்களுடையது. பெரியப்பா இரண்டையும் வைத்திருந்தார். நாடக நோட்டீஸ்கள். பகுத்தறிவுப் பிரசுரங்கள், அவற்றோடு கலந்து கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகைகள். மனுஷருக்கு எந்தக் கொள்கை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு ஃபேபியன் பிரசுரம். 1884-ல் லண்டனில் தொடங்கிய சோஷலிஸ்ட் சங்கம் அது, பெசன்ட் அம்மையாரும் ஒரு காலத்தில் அதில் இருந்தவர். அதன் ஓரத்தில் பெரியப்பா பென்சிலால் "மூர் மார்க்கெட்" என்றும் விலையையும் எழுதியிருந்தார். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போனது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். லண்டன் தாமசனைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு ரயில்வே ஊழியர், அதே காரியத்தை மேற்குத் தாம்பரத்துப் பரண் மேல் செய்து வைத்திருக்கிறார்.

அடியில் ஒரு நாலு பக்கப் பிரசுரம். முடிச்சூர்ப் பக்கம் மனை வாங்கிக் குடியேறிய சிலர் சங்கமாகச் சேர்ந்து போட்டது. ஏரியின் கலங்கலிலிருந்து ஒரு கால்வாய் போகிறது, அதைத் தூர்த்து மனை போடாதீர்கள், மழைக் காலத்தில் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டு, கடைசிப் பக்கத்தில் கையால் ஒரு வரைபடமும் போட்டிருந்தார்கள். தேதி இல்லை. நான் பார்த்த லேஅவுட் வரைபடங்களில் அந்தக் கால்வாய் இல்லை. ஆனால் 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, அந்தப் பகுதியில் தண்ணீர் வந்த வழியை நான் நடந்து குறித்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

ராத்திரி தூக்கம் வரலைங்க. நான்கு பக்கம். ஊரிலிருந்த யாரோ நாலு பேர், இன்ஜினியர்கூட இல்லை, சைக்கிளில் போய்ப் பார்த்து வரைந்தது. இன்றைக்கு வடிகால் டிசைன் பண்ணுகிறவன் கோடிக்கணக்கில் செலவு பண்ணித் தேடுகிற தகவல், கிலோ இத்தனை ரூபாய் என்று தராசில் ஏற இருந்தது. முதல் நாள் போன பெட்டியில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

தேதி இல்லாத பிரசுரத்துக்குத் தேதி கண்டுபிடிப்பது ஒரு நல்ல துப்பறியும் வேலை. மாணவர்களுக்கு இது பிடிக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்னால் என்று பொதுவாக வைத்துக் கொள்ளலாம். "ந.பை." என்று நயா பைசாவில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. லை, னை எழுத்துகளுக்கு அந்தக் காலத்து யானைத் தும்பிக்கைக் கொம்பு இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. ஆனால் பழைய அச்சு எழுத்தை மாற்றக் காசில்லாத பிரஸ் பிறகும் அதையே ஓட்டியிருக்கும், ஏமாந்து போகக் கூடாது. மாவட்டம் காஞ்சிபுரம் என்றிருந்தால் 1997-க்குப் பிறகு, 2019 கடைசியில் நாம் மறுபடி செங்கல்பட்டுக்கு வந்துவிட்டோம். முடிச்சூர்ப் பிரசுரத்தில் பின்கோடு இருந்தது, எழுத்து புதிய எழுத்து, விலாசத்தில் மெட்ராஸ் என்று இருந்தது. ஆக 1978-க்கும் 1996-க்கும் நடுவில் என்று வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, தமிழ் வருஷப் பெயர். ஒரு கும்பாபிஷேகப் பத்திரிகையில் "விகிர்தி வருஷம் தை மாதம்" என்று இருந்தது. அறுபது வருஷச் சுழற்சி ஆச்சே, விகிர்தி 1890-லும் வரும், 1950-லும் வரும். நல்ல வேளையாக "தாம்பரம் எலெக்ட்ரிக் ரயிலடியிலிருந்து வண்டி வசதி உண்டு" என்று ஒரு வரி இருந்தது. எலெக்ட்ரிக் ரயில் வந்தது 1931-ல். எனவே 1951 ஜனவரி.

இப்போது கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம். பழைய பிரசுரம் ஏன் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து மரக்கூழில் காகிதம் செய்ய ஆரம்பித்தார்கள். மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். அதில் அமிலம் தங்கிவிடுகிறது. அது நார் இழைகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. வெப்பமும் ஈரமும் அதைத் துரிதப்படுத்தும். நம் ஊரில் இரண்டும் இலவசம். 1650-ல் லண்டனில் கந்தல் துணிக் கூழில் செய்த தாமசனின் காகிதம், 1950-ல் சென்னையில் அச்சான நோட்டீஸைவிடத் திடமாக இருக்கும். அதாவது புதியதுதான் முதலில் சாகப் போகிறது. நமக்கு அவகாசம் குறைவு.

அதனால் வீட்டில் இப்படி ஏதாவது கிடைத்தால், முதலில் துருப்பிடித்த பின்னை நிதானமாக எடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் பண்ணவே பண்ணாதீர்கள், அது பத்திரப்படுத்துவது போல இருக்கும், உள்ளே இருக்கிற அமிலத்தையும் சேர்த்துப் பூட்டி வைத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. மடிப்பை ஒரே அடியாக விரிக்காதீர்கள். யாருடைய பெட்டி, எந்தத் தெரு என்று பென்சிலால் ஒரு சீட்டு எழுதிக் கூடவே வையுங்கள். பிறகு போட்டோ. வெயில் நேராக விழாத வெளிச்சத்தில், எல்லாப் பக்கமும், காலிப் பின்பக்கம் உட்பட. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பிரஸ் பெயர் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். ஸ்கேனர் இருந்தால் குறைந்தது 300 டிபிஐ. மூலக் கோப்பை டிஃப் வடிவில் வைத்துக் கொண்டு, வாட்ஸ்அப்பில் அனுப்ப வேறொரு பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததையே மூலமாக வைத்துக் கொண்டால் எழுத்து கரைந்து போயிருக்கும்.

ஒரு நண்பர் கேட்டார், "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணியாச்சுன்னா தாளைத் தூக்கிப் போட்டுடலாமே?" என்று. நான் ஒப்ப மாட்டேன். ரோஜா முத்தையா நூலகத்தில் மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். நல்ல முறையில் வைத்தால் ஃபிலிம் நூற்றுக்கணக்கான வருஷம் இருக்கும் என்பது கணக்கு. நாம் காலேஜில் படித்தபோது பிராஜெக்ட்டைப் பதிந்து வைத்த சிடியை இன்று எதில் போட்டுப் பார்ப்பது? ஸ்கேன் என்பது படிப்பதற்கு வசதி. தாள் என்பது சாட்சி.

யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். 1981-ல் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டத்தில், புத்தகத்தோடு நிற்காமல் பிரசுரம், பள்ளிக்கூட ஆண்டு மலர், சங்க மலர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். இழந்தவர்களுக்குத்தான் ஒரு விழா மலரின் அருமை தெரிகிறது. உங்கள் கையில் இருக்கிற இந்த மலரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதில் இருக்கிற ஸ்வீட் ஸ்டால் விளம்பரமும் டியூஷன் சென்டர் விளம்பரமும் இன்னும் ஐம்பது வருஷத்தில் என் உரையைவிட அதிகமாகப் பயன்படும்.

கடைசியாக, ஆக வேண்டிய காரியம். முன்னாள் மாணவர் சங்கச் செயற்குழுவில் ஏற்கெனவே பேசியிருக்கிறேன், மறுப்பு வரவில்லை. நம்மில் பலருடைய பெற்றோர் வீடு தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பம்மல், பல்லாவரம் பக்கம்தான். இடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் பரணை ஒரு தடவை ஏறிப் பாருங்கள். அப்படியே நூலகத்துக்குக் கொடுக்க மனம் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஸ்கேன் செய்ய இரவல் கொடுங்கள், திருப்பித் தந்துவிடுகிறோம். நகை, பத்திரம், காதல் கடிதம் ஏதாவது உள்ளே இருந்தால் எடுத்து வைத்துக் கொண்டு மீதியைக் கொடுங்கள். வரலாறு, தமிழ், பொது நிர்வாகம் படிக்கிற மாணவர்களுக்கு இது நல்ல பிராஜெக்ட் ஆகும். பிசிக்ஸ்காரர்களும் வரலாம், நான் வந்தேனே.

இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை மாலை நாலு மணியிலிருந்து ஸ்கேனரோடு நான் இருப்பேன். இடத்தைச் செயலாளர் சொல்வார். தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டு வராதீர்கள், ஒரு பழைய காலண்டர் அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டு வந்தால் போதும். முடிச்சூர்ப் பிரசுரத்தில் கையெழுத்துப் போட்ட நால்வரில் இருவருடைய இனிஷியல் மட்டும்தான் படிக்க முடிகிறது. அதன் நகலை வெளியே ரிஜிஸ்ட்ரேஷன் மேஜையில் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்து மூத்தவர்கள் யாராவது டீக்குப் போகிற வழியில் ஒரு பார்வை பார்த்து, அது யார் கையெழுத்து என்று தெரிந்தால் சொல்லுங்கள்.